50 ஓம் எப்போதும் 50 ஓம்தானா?

பள்ளி மண்டபத்தில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கியின் அருகே கொண்டு சென்றால் ‘கீச்’ என்ற ஓசை காதைத் துளைக்கும். வெளியே வந்த ஒலி மீண்டும் உள்ளே நுழைந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதே அதற்குக் காரணம். வானொலி அலைகளை வலுப்படுத்தும் பெருக்கியிலும் இதே தொல்லை உண்டு. ஆனால், அது நம் காதுக்குக் கேட்காது.

14 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஒரு வால்வு பெருக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருக்கும் இணைப்புக் கம்பிகளும் வால்வும் சேர்ந்து, யாரும் கேட்காமலேயே 100 மெகாஹெர்ட்ஸ் அளவில் இன்னோர் அலைவை உண்டாக்கக்கூடும். இதுவே ஒட்டுண்ணி அலைவு. அது பாகங்களைப் பழுதாக்கலாம். பண்பலை வானொலியிலும் குறுக்கிடலாம்.

இதை அடக்க, வால்வின் ஆனோடு இணைப்பில் ஒரு சிறு கம்பிச்சுருளையும் 50 ஓம் மின்தடையத்தையும் பக்க இணைப்பில் பொருத்துவார்கள். அதிர்வெண் கூடக்கூட, சுருள் மின்னோட்டத்தை அதிகமாக எதிர்க்கும். 0.1 மைக்ரோஹென்றி சுருளின் எதிர்ப்பு 14 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறைய 9 ஓம். 100 மெகாஹெர்ட்ஸில் 63 ஓம். ஆகவே, நமக்கு வேண்டிய அலை பெரும்பாலும் சுருள் வழியே எளிதாகப் போய்விடும். வேண்டாத அலையில் கணிசமான பகுதி மின்தடையத்துக்குள் புகுந்து, வெப்பமாக மாறி அடங்கிவிடும்.

வேண்டிய அலையிலும் ஒரு சிறு பங்கு மின்தடையம் வழியே செல்வதால், அது சூட்டைத் தாங்க வேண்டும். அப்படியானால், அதிக வாட் தாங்கும் கம்பிச்சுற்று மின்தடையத்தைப் போட்டால் என்ன?

அங்கேதான் சிக்கல். பீங்கான் தண்டின்மேல் கம்பியைச் சுற்றிச் செய்வதால் அதுவும் ஒரு சுருளே! அதன் தூண்டல் 1 மைக்ரோஹென்றி என்று வைத்துக் கணக்கிடுங்கள்: 2 × 3.14 × அதிர்வெண் × தூண்டல். 100 மெகாஹெர்ட்ஸில் விடை 628 ஓம். ஒட்டுண்ணி அலைவு அந்த வழியை எட்டிக்கூடப் பார்க்காது. மல்டிமீட்டரோ நேர்மின்னோட்டத்தால் அளப்பதால், ‘50 ஓம்’ என்றே காட்டும்.

எனவே, திண்மக் கார்பன் போன்ற தூண்டல் குறைந்த வகைகளே இதற்கு ஏற்றவை. படல மின்தடையங்களிலும் கவனம் தேவை. சிலவற்றில் படலத்தைத் திருகு வடிவில் வெட்டியிருப்பார்கள். இரண்டு 100 ஓம் மின்தடையங்களைப் பக்க இணைப்பில் போட்டாலும் 50 ஓம் கிடைக்கும். வெப்பமும் பங்கிடப்படும், தூண்டலும் குறையும். இணைப்புக் கால்களையும் குட்டையாக வெட்டுங்கள். நேரான கம்பிக்கும் தூண்டல் உண்டு.

மின்தடையம் வாங்கும்போது ஓம், வாட் ஆகியவற்றோடு மூன்றாவது கேள்வியையும் கேளுங்கள்: இது எந்த அதிர்வெண்ணில் வேலை செய்யப்போகிறது?