பில்லிங் டேட்டாவை பவர் பிஐ-யுடன் இணைப்பது எப்படி?

கடையில் பில் போடுவதற்கு ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. தினமும் நூறு, இருநூறு பில்கள் அதில் ஏறுகின்றன. ஆனால் "போன மாதம் எந்தப் பொருள் அதிகம் விற்றது? எது ஆறு மாதமாக அலமாரியிலேயே கிடக்கிறது?" என்று கேட்டால் பல கடைக்காரர்களிடம் பதில் இருக்காது. பதில் அவர்களது கம்ப்யூட்டருக்குள்ளேயே டேட்டாபேஸாக இருக்கிறது. அதை எடுத்து, வரைபடமாகவும் பட்டியலாகவும் காட்டுபவைதான் பிசினஸ் அனலிட்டிக்ஸ் சாப்ட்வேர்கள். மைக்ரோசாப்ட் 2015-ல் வெளியிட்ட பவர் பிஐ டெஸ்க்டாப் அவற்றில் ஒன்று. விண்டோஸில் இயங்கும் இதை இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம்.

இன்ஸ்டால் செய்வது எளிது. டேட்டாபேஸுடன் இணைக்கும் இடத்தில்தான் புதியவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். நானும் தடுமாறியவன்தான். அந்தக் கதையை முதலில் சொல்லி விடுகிறேன்.

நான் செய்த தவறு

என் மாமா பெயிண்ட் மற்றும் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பில்கள் எல்லாம் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் சேமிக்கப்படுகின்றன. தீபாவளிக்கு முன் எந்தக் கலர் எத்தனை டின் வாங்குவது என்று தெரிய வேண்டும் என்றார். "அரை மணி நேர வேலை மாமா" என்று சொல்லி உட்கார்ந்தேன். ரூட் என்ற தலைமைக் கணக்கைக் கொண்டே இணைப்பை அமைத்தேன். பாஸ்வேர்டையும் அதிலேயே சேமித்தேன். கம்ப்யூட்டரைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் தெரியும்படி சிஸ்டம் டிஎஸ்என் ஆக வைத்தேன். ரிப்போர்ட் அழகாக வந்தது. மாமாவுக்கும் சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து, கல்லூரியில் படிக்கும் மாமா மகன் தன் பிராஜெக்டுக்கு மாதிரி டேட்டா தேவைப்பட்டு, அதே கம்ப்யூட்டரில் எம்எஸ் அக்சஸைத் திறந்தான். என் இணைப்பு பட்டியலில் தெரிந்தது. பாஸ்வேர்டு கேட்கவில்லை. 'இம்போர்ட்' என்பதற்குப் பதில் 'லிங்க்' என்பதைத் தேர்வு செய்து விட்டான். கண்முன் இருப்பது நகல் என்று நினைத்து, ஐம்பது பில்களை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை எல்லாம் டெலிட் செய்தான். லிங்க் செய்த டேபிளில் அழித்தால் மூல டேட்டாபேஸிலேயே அழிந்து விடும் என்பது அவனுக்குத் தெரியாது. கடைசியாக எடுத்த பேக்கப் 12 நாள் பழையது. ஜிஎஸ்டி கணக்கு கொடுக்க வேண்டிய நேரம். ஃபைலில் இருந்த பில் நகல்களைப் பார்த்து நானும் அவனும் இரண்டு இரவுகள் மறுபடி டைப் செய்தோம். மாமா அவனைத்தான் திட்டினார். ஆனால் தவறு என்னுடையது. கதவைத் திறந்து வைத்தவன் நான்.

ஆகவே சரியான முறையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி: படிக்க மட்டும் ஒரு கணக்கு

டேட்டாபேஸின் முழு பேக்கப் ஒன்றை எடுத்து பென் டிரைவில் வையுங்கள். பிறகு மைஎஸ்க்யூஎல் வொர்க்பெஞ்சைத் திறந்து, 'யூசர்ஸ் அண்ட் பிரிவிலேஜஸ்' பகுதிக்குச் செல்லுங்கள். 'ஆட் அக்கவுண்ட்' பட்டனை அழுத்தி, புதிய பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். 'லிமிட் டு ஹோஸ்ட்ஸ் மேட்சிங்' என்ற கட்டத்தில் லோக்கல்ஹோஸ்ட் என்று டைப் செய்யுங்கள். அதே கம்ப்யூட்டரில் இருந்து மட்டுமே இந்தக் கணக்கில் நுழைய முடியும். இப்போது 'ஸ்கீமா பிரிவிலேஜஸ்' டேபுக்குச் சென்று, உங்கள் டேட்டாபேஸைச் சேர்த்து, 'செலக்ட்' என்ற ஒன்றை மட்டும் டிக் செய்து 'அப்ளை' கொடுங்கள். டெலிட், அப்டேட் எதையும் தொட வேண்டாம். இந்தக் கணக்கில் வருபவர் பார்க்கலாம். மாற்றவோ அழிக்கவோ முடியாது.

ஒரு எச்சரிக்கை: சில பில்லிங் நிறுவனங்கள் டேட்டாபேஸின் பாஸ்வேர்டைத் தருவதில்லை. அப்படியானால் அவர்களிடமே கேட்டு, படிக்க மட்டும் ஒரு கணக்கு வாங்கிக் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: டிரைவர்

பவர் பிஐ-யும் மைஎஸ்க்யூஎல்-லும் வெவ்வேறு மொழி பேசுபவை. இடையே மொழிபெயர்க்க ஒருவர் வேண்டும். அதுதான் டிரைவர். எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் ஒரே முறையில் அணுகலாம் என்பதற்காக மைக்ரோசாப்ட் 1992-ல் வெளியிட்ட ஏற்பாடு ஓடிபிசி. இந்த வழியில் ஒருமுறை அமைத்து விட்டால் எக்செல், லிப்ரே ஆபிஸ் பேஸ் ஆகியவற்றிலும் அதே இணைப்பைப் பயன்படுத்தலாம்.

மைஎஸ்க்யூஎல் தளத்தில் கனெக்டர் ஓடிபிசி என்ற டிரைவர் இலவசமாகக் கிடைக்கிறது. இன்ஸ்டால் ஆகாமல் நின்றால், விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இங்கே மிக முக்கியமானது: 64 பிட் சாப்ட்வேருக்கு 64 பிட் டிரைவர், 32 பிட் சாப்ட்வேருக்கு 32 பிட் டிரைவர். மாற்றிப் போட்டால் வேலை செய்யாது. எக்செலில் ஃபைல், அக்கவுண்ட், அபவுட் எக்செல் என்று சென்றால் எத்தனை பிட் என்பது மேல் வரியிலேயே தெரியும்.

மூன்றாம் படி: டிஎஸ்என் அமைத்தல்

ஸ்டார்ட் மெனுவில் ஓடிபிசி என்று தேடினால் இரண்டு புரோகிராம்கள் வரும். நம் டிரைவர் 64 பிட் என்றால் 64 பிட் என்று எழுதியிருப்பதைத் திறங்கள். (வேடிக்கை என்னவென்றால், 64 பிட் புரோகிராம் சிஸ்டம்32 என்ற ஃபோல்டரில்தான் இருக்கிறது! ஃபோல்டர் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.)

'யூசர் டிஎஸ்என்' டேபில் 'ஆட்' பட்டனை அழுத்துங்கள். யூசர் டிஎஸ்என் உங்கள் விண்டோஸ் லாகினுக்கு மட்டும் தெரியும். சிஸ்டம் டிஎஸ்என் எல்லோருக்கும் தெரியும். டிரைவர் பட்டியலில் 'யூனிகோட்', 'ஆன்சி' என்று இரண்டு இருக்கும். யூனிகோடைத் தேர்வு செய்யுங்கள். பின் வரும் டயலாக் பாக்ஸில்,

1. டேட்டா சோர்ஸ் நேம்: உங்களுக்குப் புரியும் ஒரு பெயர்.
2. சர்வர்: லோக்கல்ஹோஸ்ட்.
3. போர்ட்: 3306.
4. யூசர், பாஸ்வேர்டு: முதல் படியில் உருவாக்கிய கணக்கு.
5. டேட்டாபேஸ்: பட்டியலில் இருந்து உங்களுடையது.

'டெஸ்ட்' பட்டனை அழுத்துங்கள். வெற்றி என்று செய்தி வந்ததும் பாஸ்வேர்டு கட்டத்தைக் காலி செய்து விட்டு 'ஓகே' கொடுங்கள்.

நான்காம் படி: பவர் பிஐ

'கெட் டேட்டா'வில் 'மோர்' என்பதை கிளிக் செய்து ஓடிபிசி-யைத் தேர்வு செய்யுங்கள். உங்கள் டிஎஸ்என் பெயரைக் காட்டுங்கள். அடுத்த விண்டோவில் இடது பக்கம் உள்ள 'டேட்டாபேஸ்' பகுதியில் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். 'நேவிகேட்டர்' திறந்து டேபிள்கள் தெரியும். தேவையானவற்றை மட்டும் டிக் செய்து 'லோட்' கொடுங்கள். பில் டேபிள், பொருள் டேபிள் இரண்டும் இருந்தாலே விற்பனைக் கணக்கு பார்த்து விடலாம்.

இப்போது உங்களிடம் இருப்பது டேட்டாவின் நகல். இன்று போட்ட பில்கள் தெரிய வேண்டுமானால் 'ரெஃப்ரெஷ்' அழுத்த வேண்டும். இந்த ஃபைலை யாருக்காவது மெயிலில் அனுப்பினால் பாஸ்வேர்டு போகாது. ஆனால் நகல் டேட்டா உடன் போகும். வாடிக்கையாளரின் போன் நம்பர் உள்ள டேபிளை லோட் செய்யாமல் இருப்பதே நல்லது.

பிழைச் செய்தி வந்தால்?

'ஆர்க்கிடெக்சர் மிஸ்மேட்ச்': 32, 64 பிட் குழப்பம். இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

'அக்சஸ் டினைடு': பெயர் அல்லது பாஸ்வேர்டு தவறு. அல்லது வேறு கம்ப்யூட்டரில் இருந்து முயல்கிறீர்கள்.

'கான்ட் கனெக்ட்': மைஎஸ்க்யூஎல் சர்வீஸ் ஓடவில்லை, அல்லது போர்ட் எண் தவறு. விண்டோஸ் சர்வீசஸ் பட்டியலில் பாருங்கள்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறியாகத் தெரிந்தால், ஆன்சி டிரைவரைத் தேர்வு செய்திருக்கலாம்.

இணைப்பு கிடைக்கவில்லையே என்ற அவசரத்தில் 'ரூட் கணக்கைக் கொடுத்துப் பார்ப்போமே' என்று மட்டும் போகாதீர்கள். மாமா கடையில் இப்போது மாற்றி அமைத்து விட்டோம். அண்மையில் மாமா மகனையே அழைத்து, அக்சஸில் லிங்க் செய்து ஒரு பில்லை அழித்துப் பார்க்கச் சொன்னேன். அனுமதி இல்லை என்று செய்தி வந்தது. அவன் சிரித்தான். மாமாவும் சிரித்தார். பேக்கப் எடுக்கும் வேலை மட்டும் இன்றும் தினமும் இரவு கடை பூட்டும் முன் நடக்கிறது. அதை எடுப்பவன் அவன்தான்.