ஆங்கிலப் பேச்சில் இணைப்புச் சொற்களும் தமிழ் எச்சங்களும்

காவிரிப் பாசன நாட்டிலிருந்து முதுகலை பயில வரும் மாணவர் பலர், ஆங்கிலச் சொல்லறிவு போதிய அளவு பெற்றிருந்தும், நேர்முகத் தேர்விலோ கருத்தரங்கிலோ நான்கு தொடர் சேர்ந்தாற்போல் பேச நேரும்பொழுது இடர்ப்படுகின்றனர். தனித்தனித் தொடர் பிழையின்றி அமைகின்றது. ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள உறவே கேட்போர்க்குப் புலனாவதில்லை. 'அண்ட்' என்னும் ஒரு சொல்லே எல்லாவிடத்தும் நின்று சுமை தாங்குகின்றது. இக்குறையை நீக்க இணைப்புச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்விப்பாரும் உளர். அதனால் விளையும் பயன் சிறிதே. குறையின் வேர் தமிழ் எச்சத்தின் இயல்பில் உள்ளது என்பது எம் கருத்து.

ஆங்கிலப் பேச்சு இந்நாட்டார்க்குக் கைவராத ஒன்றன்று. வலங்கைமானிற் பிறந்து, குடந்தை அரசினர் கல்லூரியில் பயின்று 1888இல் பட்டம் பெற்ற சீனிவாச சாஸ்திரியாரை ஆங்கிலேயரே வெள்ளிநாவினர் எனப் போற்றினர். அதே கல்லூரியில் 1904இற் சேர்ந்த கணித மேதை இராமானுசன் ஆங்கிலத்தில் தேறாமையால் உதவித்தொகையை இழந்தார். (கணிதத்திலேயே மூழ்கிய மனமே அதற்குத் தலையாய காரணம்; அதனை மொழிக் குறை என்று மட்டும் கொள்வது பொருந்தாது.) எனினும், ஒரு மொழித்தேர்வு மாணவன் ஒருவனது வழியையே மறிக்கவல்லது என்பதற்கு அது சான்று.

திராவிட மொழிகள் இணைப்புச் சொற்களினும் வினையெச்சங்களையே விரும்பி ஆள்கின்றன என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட தம் ஒப்பிலக்கணத்திற் சுட்டினார். அவ்வெச்சங்கள் உறவை எவ்வளவு வெளிப்படுத்துகின்றன என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. மூன்று தொடர்களை நோக்குக. 'ஆறு பெருக வாய்க்கால் நிறைந்தது'. 'நாற்றுப் பிழைக்க நீர் பாய்ச்சினர்'. 'பொழுது சாயக் களத்திலிருந்து மீண்டனர்'. மூன்றும் செயவென் எச்சமே. முதலது காரணம், இரண்டாவது காரியம், மூன்றாவது இவ்விரண்டும் அல்லாத காலக் குறிப்பு. இம்மூவகையையும் நம் இலக்கண நூலார் பண்டே பகுத்துரைத்தனர். ஆயினும் பேசுவோன் அப்பகுப்பை எண்ணிப் பேசுவதில்லை. ஈறு ஒன்றே, பொருளைக் கேட்போனே இடம்நோக்கி உணர்ந்துகொள்கின்றான். ஆங்கிலத்தில் இவ்வசதி அரிது. முதலதற்குப் 'பிகாஸ்', அடுத்ததற்கு 'ஸோ தட்', இறுதியதற்கு 'வென்' எனப் பேசுவோனே உறவை வரையறுத்துக் கூறல் வேண்டும். வரையறுக்கும் பழக்கமில்லாத நா, எதனையும் வரையறுக்காத 'அண்ட்' என்பதைப் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

செய்தென் எச்சமும் இத்தகையதே. 'மழை பெய்து நெல் விளைந்தது' என்பதிற் 'பெய்து' என்பது 'பெய்ய' என்பதன் திரிபெனக் கொண்டு இலக்கண நூலார் அமைதி கூறுவர். தஞ்சை உழவர்க்கு அத்தொடரில் ஐயம் எழாது. மழைக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை வயலே அவர்க்குக் கற்பித்திருக்கின்றது. வயலறியாத தேர்வாளர்க்கோ அதனைச் சொல்லே கற்பித்தாக வேண்டும்.

இனி, இடம் பற்றிய வேற்றுமை. தமிழில் உறவுக்குறி பெரும்பாலும் தொடரின் கடையில், வினையோடு ஒட்டி வரும்: பெய்தால், பெய்தாலும், பெய்தமையால். பேசுவோன் தொடரைத் தொடங்கிவிட்டு, முடிக்குமுன் உறவைத் தேர்ந்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் அக்குறி தொடரின் தலையில் நிற்கின்றது. வாய் திறக்குமுன்னரே தேர்வு முடிந்திருத்தல் வேண்டும். மாணவர் பேச்சிடையே தயங்கி நிற்கும் இடங்கள் பெரும்பாலும் இத்தேர்வு நிகழவேண்டிய இடங்களே.

தமிழிலும் தலையில் நிற்கும் சொற்கள் இல்லையோ எனின், உள. ஆனால், ஆகையால், ஏனெனில், எனவே என்பன அத்தகையன. ஆயின் அவையும் 'ஆ', 'என்' என்னும் வினைகளின் அடியாகப் பிறந்தனவே. 'என்னை எனின்' என்று தொடங்கி 'ஆகலின்' என்று முடிக்கும் உரைநடையில் தலையும் கடையும் ஒருங்கே குறிபெறுகின்றன. இன்றும் 'ஏனெனில்' எனத் தொடங்கி 'என்பதனால்' என முடிப்போர் பலர். தமிழில் இஃது உறுத்துவதில்லை. ஆங்கிலத்திலோ 'ஆல்தோ' எனத் தொடங்கிய பின் 'பட்' எனத் தொடர்வது வழுவாகும். இரண்டனுள் ஒன்றே போதும்.

ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இணைப்புறவுகளைக் கூட்டல், மாறுபாடு, காரணம், காலம் என நான்காக வகுத்தனர். சுட்டும், பதிலீடும், சொல் தொகலும், சொற்பொருள் தொடர்பும் பேச்சைப் பிணிக்கும் என்பதும் அவர்தம் கொள்கை. ஆதலின் ஒவ்வொரு தொடரின் தலையிலும் 'மோர்ஓவர்' வைத்துப் பேசுதல் ஒழுங்காகாது. அது கேட்போர்க்குச் சலிப்பையே தரும்.

வகுப்பறையில் யாம் பரிந்துரைக்கும் பயிற்சி எளியது. மேட்டூர் அணை திறப்பது முதல் குறுவை அறுவடை ஈறாக உள்ள நிகழ்ச்சிகளை மாணவர் முதலில் தம் இயல்பான தமிழிற் கூறட்டும். பின்னர் ஒவ்வொரு எச்சத்தையும் 'அதன் காரணமாக', 'அதன் பொருட்டு', 'அப்பொழுது' என்பவற்றுள் ஏற்றதொன்றால் தமிழிலேயே விரிக்கட்டும். சில எச்சங்கள் இரண்டிற்கும் இடந்தரும். எது தம் கருத்து என்பதை அங்கே அவர்களே முடிவு செய்தல் வேண்டும். ஆங்கிலத்துக்குச் செல்வது அதன் பின்னரே.