வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாத்துறீங்களா? வக்கீல் விஷயத்தில் இதை கவனிங்க!

வட்டி குறையுதுன்னு வல்லத்திராக்கோட்டையில் இருந்து புதுக்கோட்டை வங்கிக்கு வீட்டுக் கடனை மாற்றப் போனால், லீகல் ஒப்பீனியன் கேட்பார்கள். பேனல் வக்கீலை வங்கிதான் கைகாட்டும். ஃபீஸ் மட்டும் நம்ம பாக்கெட்டில் இருந்து! அவர் பார்ப்பது வங்கியின் பாதுகாப்பை. பாகப்பிரிவினை, வாரிசு சிக்கல் இருக்கும் பூர்வீகச் சொத்து என்றால், தனியாக ஒரு சிவில் வக்கீலிடம் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றைக் காட்டிவிடுவது நல்லது.

பழைய கடன் அடைந்ததும் அதற்கான ரசீது ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகணும். இல்லைன்னா வில்லங்கத்தில் பழைய அடமானம் அப்படியே நிற்கும். ஃபீஸ் பேசும்போதே இந்த வேலையும் அதில் சேருமான்னு கேட்டுக்கோங்க.

கடனை முழுசா அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தை வங்கி விடுவிக்கணும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் அமலில் உள்ள ரிசர்வ் வங்கி விதி இது.