பொதுவில் உள்ளது யார் பொறுப்பு?

அடுக்குமாடியில் வீடு வாங்கியவர்கள் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அதில் எழுதப்பட்டிருப்பது நான்கு சுவர்களுக்கு உட்பட்ட இடம் மட்டுமன்று. கட்டடம் நிற்கும் மனையில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் உடன் வருகிறது. இதைப் படித்துப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

படிக்கட்டு, மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், லிஃப்ட் ஆகியவை எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமானதைக் கவனிக்க ஒருவரும் இல்லாமற் போவதுதான் துன்பம். "எங்களுக்கு லிஃப்ட் எதற்கு?" என்கிறார் கீழ்த்தளத்தார். "பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மாதப் பணமா?" என்கிறார் வெளிநாட்டில் இருப்பவர்.

சட்டம் இவ்வாதங்களை ஏற்பதில்லை. மகாராஷ்டிரத்தின் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். பொதுவசதியைப் பயன்படுத்தவில்லை என்றோ, வீட்டையே கைவிட்டுவிட்டேன் என்றோ கூறி எவரும் பராமரிப்புச் செலவிலிருந்து விலக இயலாது. பாக்கி அந்த வீட்டின் மீதே பொறுப்பாக ஏறும். வீடு கைமாறினால் வாங்கியவரும் அதற்குப் பொறுப்பாவார்.

தமிழ்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் நீண்ட காலம் இருந்தது. ஆயினும் பழுதடைந்த கட்டடத்தை இடித்துக் கட்ட முனைந்தபோது, ஒரே ஒருவர் மறுத்தாலும் பணி நின்றுபோயிற்று. 2022இல் சட்டமன்றம் நிறைவேற்றி, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் இந்நிலையை மாற்றியது. உரிமையாளர்களுள் மூன்றில் இரு பங்கினர் இசைந்தால் போதும்; 12 வீடுகளில் 8 பேர்.

இம்மாற்றத்தின் அவசியத்தை உணரத் திருவொற்றியூரை நினைத்தால் போதும். 2021 டிசம்பரில் அங்கே குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசல்களைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால்தான் உயிர்கள் தப்பின. விரிசல் ஒருமித்த கருத்துக்காகக் காத்திருப்பதில்லை.

எனினும் மறுப்பவர் எல்லோரும் பிடிவாதக்காரர் அல்லர். கணவரை இழந்து வாடகை வருவாயில் வாழும் பெண்மணிக்கும், கடன் தவணை கட்டிக்கொண்டிருக்கும் குடும்பத்திற்கும் அச்சம் இயல்பே. இடைக்கால வாடகையை யார் தருவது, புதிய வீட்டின் பரப்பு எவ்வளவு, பணி எப்போது முடியும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். பெரும்பான்மை என்பது சிறுபான்மையின் உரிமையை விழுங்கக் கிடைத்த அனுமதி அன்று.

புதிதாக வாங்குவோருக்கு 2016ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை சுட்டிக்காட்டப்பட்டால், கட்டியவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். உரிமையாளர் சங்கம் அமைய உதவுவதும் அவர் கடமை. அதில் பங்கேற்பது வாங்கியவரின் கடமை.

ஆகவே, சகோதர சகோதரிகளே! பத்திரத்தை வெளியே எடுத்து மனைப்பங்கைச் சரிபாருங்கள். உரிமையாளர் காலமாகியிருந்தால், வாரிசுகளின் பெயர்களை ஆவணங்களில் சேர்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சங்கத்தைப் பதிவு செய்யுங்கள்; ஆண்டுதோறும் கணக்குக் கேளுங்கள். கேட்கும் உரிமை, மாதப் பணத்தைத் தவறாமல் செலுத்தியவருக்கே அழகு.