கரகரப்பும் ஒரு செய்திதான்

மழைக்கு முன்னால் நெல்லை வானொலி ஏன் இப்படிக் கரகரக்கிறது, அதே நேரத்தில் கொடைக்கானல் பண்பலை மட்டும் பிசிறில்லாமல் கேட்கிறதே, நிலையத்தில் ஏதும் கோளாறா என்று சாத்தூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பட்டாசு ஆலையில் போர்மேனாக இருப்பவர். நிலையத்தில் ஒரு கோளாறும் இல்லை. சொல்லப்போனால், அவர் பார்க்கும் வேலைக்கு அந்தக் கரகரப்பு செய்தியறிக்கையைவிட அவசரமான தகவல். அதற்கு முன்னால் நிலையங்களின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

தமிழ்நாட்டில் வானொலியைத் தொடங்கியது அரசாங்கமல்ல. 1924-ல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று நடத்திய மதராஸ் மாகாண ரேடியோ கிளப்தான் முதலில் ஒலிபரப்பியது. மூன்றே ஆண்டில் கையில் காசில்லை. கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள்; 1930 முதல் மாநகராட்சியே நிகழ்ச்சி நடத்தியது. 1936-ல் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வந்தது. 1938-ல் சென்னை நிலையமும் 1939-ல் திருச்சி நிலையமும் திறக்கப்பட்டன. தெற்கே நெல்லைக்கு 1963-லும் மதுரைக்கு 1987-லும்தான் நிலையம் கிடைத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது விருதுநகர் மாவட்டம். இரண்டும் கேட்கும்.

வானொலிப் பெட்டி வைத்துக்கொள்ளத் தபால் அலுவலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. பெட்டி இல்லாத வீடுகளுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. கூம்பு ஒலிபெருக்கியில் மாலைச் செய்தியும் பண்ணை நிகழ்ச்சியும் ஊர் முழுக்கக் கேட்கும். இதெல்லாம் சும்மா பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் தஞ்சாவூர்ப் பக்கம் விசாரிக்க வேண்டும். 1960-களில் ஆடுதுறை-27 என்ற புது நெல்லைத் திருச்சி வானொலி எடுத்துச் சொன்ன விதத்தில், விவசாயிகள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

காலை 7.15 டெல்லிச் செய்திக்கு, பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் இந்தக் கந்தக பூமியில் தனி மதிப்பு இருந்தது. சரோஜ் நாராயணசுவாமி வாசித்த காலத்தில் குரலுக்காகவே கேட்டவர்கள் ஏராளம். ஆனால் சிவகாசிக்காரருக்கு டெல்லிச் செய்தி என்பது கூலிச் செய்தியும்கூட. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம், பேரியம் உப்புகள் கூடாது என்று சொன்னது. அடுத்த மாதமே ஆலைகள் கதவடைத்தன. தீர்ப்பு டெல்லியில், அடுப்பு அணைந்தது திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும்.

அரசு வானொலி என்றால் அரசாங்கத்தின் ஊதுகுழல்தானே என்று கேட்கலாம். பலமுறை அப்படி இருந்திருக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் அது யாருக்காகப் பேசியது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அவமானத்துக்குப் பிறகுதான் வர்கீஸ் குழு 1978-ல் தன்னாட்சி வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1990-ல், ஆல் இந்தியா ரேடியோவைத் தன்னாட்சி நிறுவனம் ஒன்றின் கையில் கொடுக்கும் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 1997 ஆகிவிட்டது. குடிமக்கள் எதையும் தடையின்றி, உண்மையாக, நடுநிலையோடு அறிந்துகொள்ளும் உரிமையைக் காப்பது இந்த நிறுவனத்தின் கடமை என்கிறது சட்டம். உழைக்கும் வர்க்கத்தின் உரிமையையும் நலனையும் தனியாகவே குறிப்பிடுகிறது. தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க இன்னும் அனுமதி இல்லை என்பதால், அந்தக் கடமையைப் பங்கு போட்டுக்கொள்ள வேறு உள்நாட்டு வானொலி இல்லை. ஏழு கடல் தாண்டி வந்த பிபிசி தமிழோசையும் 2017-ல் வானொலியை நிறுத்திக்கொண்டது.

இனி கரகரப்புக்கு வருவோம்.

நெல்லையும் மதுரையும் மீடியம் வேவில் வருபவை, கொடைக்கானல் எஃப்எம். மீடியம் வேவில் ஒலியின் ஏற்ற இறக்கம் அலையின் உயரத்தில் ஏற்றப்படுகிறது. அலை உயர்ந்தால் ஒலி உயரும், தாழ்ந்தால் தாழும். மின்னல் என்பது பல கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பெரும் தீப்பொறி. அது வெளிச்சத்தோடும் இடியோடும் நிற்பதில்லை. வானொலி அலைகளையும் எல்லாத் திசையிலும் வாரி இறைக்கிறது. அந்த அலை, நிலையத்தின் அலைமேல் ஏறி உயரத்தைக் குலைத்துவிடுகிறது. ‘படபட, கர்ர்’ என்று நாம் கேட்பது அதைத்தான். எஃப்எம் பெட்டி உயரத்தைக் கண்டுகொள்வதே இல்லை, அதிர்வெண் மாற்றத்தை மட்டும் பார்க்கிறது. மிஞ்சிய உயரத்தை வெட்டி எறிந்துவிடுவதால் ஒலி சுத்தமாக இருக்கிறது, மின்னல் காதுக்கு எட்டுவதில்லை.

இடிச் சத்தம் காற்றில் ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் மூன்று நொடி எடுத்துக்கொள்ளும். பதினைந்து, இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இடித்தால் பெரும்பாலும் காதில் விழாது. வானொலி அலை போவதோ ஒளியின் வேகத்தில். சாத்தூர் வானம் வெறிச்சென்று இருக்கும்போதே, மேற்குத் தொடர்ச்சி மலையோரம் திரளும் மேகத்தின் மின்னல் ரேடியோவில் தெரிந்துவிடும்.

இது தற்செயலாக வாய்த்த குணமும் அல்ல. ரஷ்யாவில் அலெக்ஸாண்டர் போபோவ் 1895 மே 7 அன்று விஞ்ஞானிகள் முன்னால் இயக்கிக் காட்டிய கருவி, உலகின் முதல் வானொலி வாங்கிகளில் ஒன்று. அதற்குள் ஒரு குழாய், குழாயில் இரும்புத்தூள், பக்கத்தில் மணி. மின்னல் அலை பட்டால் தூள் ஒட்டிக்கொண்டு மின்சாரம் பாயும், மணி அடிக்கும். அதை வானிலை ஆய்வகத்தில் வைத்து இடிமழையைக் கண்காணித்தார்கள். வானொலி பாடவும் பேசவும் கற்றுக்கொண்டதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பட்டாசு ஆலைக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதைப் போர்மேனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இடி மின்னல் நேரத்தில் வேலையை நிறுத்தி ஆட்களை அறைகளை விட்டு வெளியேற்ற வேண்டும் என்பது வெடிபொருள் விதி. களத்தில் காயும் சரக்கு, அறையில் கலந்து வைத்த மருந்து, இரண்டுக்கும் ஒரு மின்னல் போதும். அதன் பின்னால் வரும் மழையும் சாதாரணமல்ல. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானே சூடேறித் தீப்பிடிக்கும். இன்று மின்னலை எச்சரிக்க ‘தாமினி’ என்ற கைபேசிச் செயலி இருக்கிறது, நல்ல செயலிதான். ஆனால் மருந்து அறைக்குப் பக்கத்தில் கைபேசி கூடாது. வாசலில் வாங்கி வைத்த கைபேசி யாரை எச்சரிக்கும்?

இந்த நேரம் பார்த்துத்தான் பழைய மீடியம் வேவ் ஒலிபரப்பிகளை ஒவ்வொன்றாக மூடிவருகிறது பிரசார் பாரதி. மின்சாரச் செலவு, உதிரிபாகம் இல்லை, கேட்க ஆள் இல்லை என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. செலவு உண்மைதான். கேட்க ஆள் இல்லை என்பதைக் பட்டாசுக் குழாய் உருட்டும் வீடுகளிலும் தீப்பெட்டி ஆபீஸ்களிலும் வந்து விசாரித்துவிட்டுச் சொல்லட்டும். நிலையத்தை மூடினாலும் மின்னல் பெட்டியில் கேட்கும், வாஸ்தவம். ஆனால் கேட்க நிலையம் இல்லாத பெட்டியை யார் வைத்திருப்பார்கள்?

கோடை இடிமழைக் காலத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வானிலை மையத்தின் உடனடி மின்னல் எச்சரிக்கையைச் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை என்று ஊர்ப் பெயர் சொல்லி மணிக்கொரு முறை வாசிக்க மதுரையும் நெல்லையும் முன்வர வேண்டும். ஒரு நிமிடம் போதும். ஆலைக்காரர்கள் மருந்து அறைகளுக்கு வெகு தள்ளி, வாசல் அலுவலகத்தில் ஒரு மீடியம் வேவ் பெட்டி வைக்கலாம். நிலையம் எதுவும் வராத இடத்தில் முள்ளை நிறுத்திச் சத்தத்தைக் கூட்டுங்கள். சீரான இரைச்சல் பக்கத்து மோட்டாராகவோ மின்கம்பியாகவோ இருக்கும். விட்டுவிட்டுப் படபடவென்று வெடித்தால் அது மின்னல். இடைவெளி குறையக் குறைய இடிமழை நெருங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் ஆட்களை வெளியே அழைத்துவிடுங்கள்.