தரவுத்தளமும் அதன் வரைபடமும்

வீடு கட்டப் புகுவோன் முதற்கண் வரைபடம் ஒன்று வகுத்துக்கொண்டே கடைக்கால் தோண்டுகின்றான். வீடு முடிந்த பின்னரும் அப்படத்தை எறிந்துவிடுவதில்லை. நீர்க்குழாய் எச்சுவரினூடே செல்கின்றது, எத்தூண் மேற்றளத்தைத் தாங்குகின்றது என்பவற்றைப் பின்னாளில் அறிதற்கு அப்படமே துணை. ஆனால் அலுவலகங்களிலும் நூல்நிலையங்களிலும் மேசைக் கணிப்பொறியில் அமைக்கப்பெறும் தரவுத்தளங்கட்கு இத்தகைய படம் பெரும்பாலும் இருப்பதில்லை. அமைத்தவர் உள்ளத்திலேயே அது தங்கிவிடுகின்றது; அவர் நீங்குங்கால் அதுவும் உடன் நீங்குகின்றது. இக்குறையைப் போக்கும் வழிகள் சிலவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்திகளை அட்டவணைகளாக வகுத்து, அவற்றுள் பொதுவாக அமைந்த மதிப்புகளால் ஒன்றோடொன்று பிணைக்கலாம் என்னும் கொள்கையை 1970-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர் எட்கர் காட் என்பார் வெளியிட்டார். இக்காலத்துத் தரவுத்தளங்களிற் பல அக்கொள்கையின்மேல் எழுந்தவை. 1992-இல் வெளிவந்த மைக்ரோஸாப்ட் ஆக்ஸஸ் அவற்றுள் ஒன்று. அட்டவணை, வினவல், படிவம், அறிக்கை ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ள அது இடந்தருதலால், கணிப்பொறிக் கல்வி பெறாதாரும் தம் தொழிலுக்கு வேண்டிய தரவுத்தளத்தைத் தாமே அமைத்துக்கொள்ளலாயினர்.

எடுத்துக்காட்டாக, நூல்நிலையம் ஒன்றினைக் கொள்வோம். உறுப்பினர்க்கு ஓர் அட்டவணை. நூல்களுக்கு மற்றோர் அட்டவணை. ஓர் உறுப்பினர் பல நூல்களைப் பெறுவர். ஒரு நூல் காலப்போக்கிற் பலர் கையிற் செல்லும். ஆகவே இவ்விரண்டிற்கும் இடையே 'வழங்கல்' என்னும் மூன்றாவது அட்டவணை வேண்டற்பாலது. அதன் ஒவ்வொரு வரியிலும் உறுப்பினர் எண், நூல் எண், கொடுத்த நாள், நிலை என்னும் புலங்கள் உள. உறுப்பினர் எண்ணும் நூல் எண்ணுமே முதலிரண்டு அட்டவணைகளையும் இணைக்கும் கயிறுகள். மூன்று அட்டவணைகளை நினைவில் வைத்தல் எளிது. முப்பதாயின் யாவர்க்கும் அரிது.

முதல் வழி, ஆக்ஸஸ் தன்னிடத்தே கொண்டுள்ள உறவுச் சாளரமாகும். அட்டவணைகள் அதிற் கட்டங்களாகத் தோன்றும். உறவுகள் கோடுகளாக அவற்றை இணைக்கும். தகாத எண் நுழையாதபடி உறவு காவல் செய்யப்பட்டிருப்பின், கோட்டின் ஒரு முனையில் 1 என்னும் எண்ணும் மறுமுனையில் முடிவிலிக் குறியும் காணப்படும். அக்காவல் இல்லாவிடின் அக்குறிகள் தோன்றா. இப்படத்தை அறிக்கையாக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். எனினும் ஓர் எச்சரிக்கை: அமைத்தவர் அறிவித்த உறவுகளை மட்டுமே சாளரம் காட்டும். அவர் அறிவியாது விட்டவை வினவல்களிலே மறைந்து கிடக்கும். மேலும் அட்டவணைகள் வேறொரு கோப்பில் இருந்து இணைக்கப்பட்டிருப்பின், அம்மூலக் கோப்பைத் திறந்து பார்த்தலே முறை. உறவுகட்கு உரிய காவல் ஆண்டுதான் அமைந்திருக்கும்.

இரண்டாவது வழி, ஆவணப்படுத்தும் கருவி. ஒவ்வொரு புலத்தின் பெயர், வகை, அளவு முதலிய பண்புகளை அது ஒன்றுவிடாது பட்டியலிடும். ஒன்றுவிடாமையே அதன் குணமும் குற்றமுமாகும். எல்லாவற்றையும் குறித்துவைத்தால் பக்கங்கள் மிகப் பெருகிப் படிப்பார் இன்றிப் போகும். ஆதலின் வேண்டுவனவற்றை மட்டும் தெரிந்து குறித்தல் நன்று.

மூன்றாவது, சார்புநிலை காட்டும் கருவி. ஓர் அட்டவணையை மாற்றினால் எவ்வெவ் வினவலும் படிவமும் அறிக்கையும் பழுதுறும் என்பதை இது அறிவிக்கும். ஆயினும் மேக்ரோக்களிலும் நிரற்குறிப்புகளிலும் உள்ள சார்புகளை இது காணாது. அவற்றைத் தனியே தேடல் வேண்டும். நிரல் எழுத வல்லோர், அட்டவணைகளையும் புலங்களையும் ஒவ்வொன்றாக எண்ணிச் சென்று, தாம் விரும்பிய வடிவிற் பட்டியல் எழுதும் சிறு நிரல் ஒன்றைத் தாமே இயற்றிக்கொள்ளலாம்.

படம் வரைதற்கு வழக்கில் உள்ள குறியீடுகள் உண்டு. 1976-இல் பீட்டர் சென் என்பார் பொருள்களைச் செவ்வகத்தாலும் உறவுகளைச் சாய்சதுரத்தாலும் குறிக்கும் முறையை வெளியிட்டார். 'பல' என்னும் முனையை மூன்று விரலாக விரித்துக் காட்டும் காக்கைக்கால் முறையும் பெருவழக்காயுள்ளது. எம்முறையைக் கைக்கொள்ளினும் ஒன்றையே கைக்கொள்ளுதல் வேண்டும். அட்டவணைகள் மிகுந்துழி அனைத்தையும் ஒரே தாளிற் செறித்தல் தகாது. சிலந்தி வலையைப் பார்ப்பவர்க்கு வழி தோன்றாது. வழங்கலுக்கு ஒரு படம், நூல் வாங்குதலுக்கு ஒரு படம் எனத் தொழில்வாரியாகப் பகுத்தலே தெளிவு தரும்.

இவையெல்லாம் செய்தும் எஞ்சி நிற்கும் குறை ஒன்றுண்டு. மேற்கூறிய 'நிலை' என்னும் புலத்தை நோக்குக. அது எண் வகையினது என்று கருவி கூறும். அவ்வெண்ணின் பொருளைக் கூறாது. 1 என்பது நூல் வெளியே உளது. 2 என்பது திரும்பியது. 3 என்பது நூல் தொலைந்து அதன் விலையும் செலுத்தப்பட்டது என அமைத்தவர் கருதியிருக்கலாம். அவர் ஓய்வு பெற்றபின் வந்தவர், 3 என்பதைப் பிழையெனக் கருதி 1 என்று திருத்திவிடின் விளைவது யாது? விலை கொடுத்துத் தீர்த்த மாணவனுக்கு மீண்டும் நினைவூட்டுக் கடிதம் செல்லும். அவன் சொல்வது மெய்யென்று காட்ட ஏட்டிற் சான்று இராது. கணிப்பொறி பொய் சொல்லாது என்று நம்புவோர் அம்மாணவனையே பொய்யனாக்குவர்.

ஆதலின் படத்தோடு தரவு அகராதி ஒன்றும் வேண்டும். ஒவ்வொரு புலத்திற்கும் எதிரே அதன் பொருள், அதில் வரத்தக்க மதிப்புகள், அதனை நிரப்புவோர் யார் என்பவற்றை எளிய சொற்களால் எழுதிவைத்தல் வேண்டும். அட்டவணை வடிவமைப்பிலேயே ஒவ்வொரு புலத்திற்கும் விளக்கம் எழுத ஆக்ஸஸ் இடம் விட்டிருக்கின்றது. அவ்விடம் வெறிதே கிடப்பதுதான் பெருவழக்கு. அமைத்தவர் அருகிருக்கும்போதே அவரை வினவி எழுதுதல் அறிவுடைமை. மாற்றம் செய்யுந்தோறும் படத்தையும் அகராதியையும் திருத்தி, திருத்திய நாளையும் குறித்தல் இன்றியமையாதது. நாள் குறியாத படம் மெய்யா பழையதா என்று எவரும் அறியார்.

மாணவ நண்பர்களே! உங்களுட் பலர் நாளை ஏதேனும் ஓர் அலுவலகத்தில் அமர்ந்து பிறர் அமைத்த தரவுத்தளத்தைத் திறப்பீர்கள். சிலர் நீங்களே அமைப்பீர்கள். அமைக்குங்கால், நும்மை ஒருபோதும் கண்டிராத ஒருவர் நும் இருக்கையில் அமர்ந்து அதனைத் திறப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அவர் வினவுவனவற்றிற்கு விடையை இன்றே எழுதிவைத்தல் நும் கடனாகும். ஒரு தாட் படமும் சில பக்க அகராதியும் அதற்குப் போதும்.