சம்பளமில்லாத காவல்காரர்கள்! பெங்களூரைப் பற்றி இதெல்லாம் தெரியுமா?

பெரிய ஆறு ஒன்றுகூட ஓடாத ஊர் பெங்களூர் என்பது தெரியுமா? கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊருக்குக் காவிரித் தண்ணீர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் பயணம் செய்து, மேட்டில் ஏறி வருகிறது. அதற்கெல்லாம் முன்பு ஊருக்குத் தண்ணீர் கொடுத்தவை ஏரிகள்தான்! ஒன்று நிரம்பினால் ராஜகாலுவே என்ற வாய்க்கால் வழியாக அடுத்ததற்குத் தண்ணீர் போகும். மதகைத் திறந்து மூட ஊருக்கு ஒரு நீருகண்டி இருப்பார். இன்று மெஜஸ்டிக் பஸ் நிலையம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா ஸ்டேடியம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி!

பார்த்துக்கொள்ள ஆளில்லாத ஏரிகள் போயே போய்விட்டன. ஆள் இருந்த இடங்களில் என்ன நடந்தது?

பாரதியை மொழிபெயர்த்தவர் ஏரியை மீட்டார், தெரியுமா?

உஷா ராஜகோபாலன் ஓர் எழுத்தாளர். பாரதியாரின் ‘பாஞ்சாலி சபத’த்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். ஜே.பி. நகர் 7-ஆம் கட்டத்தில் அவர் வீட்டருகே இருந்த புட்டேனஹள்ளி ஏரி, குப்பையும் கட்டட இடிபாடுமாகச் செத்துக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு 2010-ல் அறக்கட்டளை தொடங்கினார். மறு ஆண்டே மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, ஏரியின் பராமரிப்பைக் குடியிருப்போரே கையில் எடுத்தார்கள்!

சுமார் 13 ஏக்கர்தான். ஆனால் வேலைக்குக் குறைவே இல்லை. ஆகாயத்தாமரையை அள்ளிப்போட்டால் சில வாரங்களில் மறுபடி படரும். மறுபடி அள்ள வேண்டும். மழைத்தண்ணீர் மட்டும் போதாமல், பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பில் சுத்திகரித்த கழிவுநீரையும் ஏரிக்குத் திருப்பினார்கள். இன்று அங்கே 100-க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் வந்துபோகின்றன!

சோழர் காலத்து ஏரிக்கு இன்றும் காவல் இருக்கிறது, தெரியுமா?

ஒயிட்ஃபீல்டு என்றால் கண்ணாடிக் கட்டடங்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே காடுகோடியில் 1043-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு! ராஜேந்திர சோழன் காலம். பட்டந்தூரில் ஏரி கட்டி மதகு வைத்த செய்தியை அது சொல்கிறது. அதே பட்டந்தூர் அக்ரஹார ஏரியை ஆக்கிரமிப்பிலிருந்து காக்கத் தெருவில் இறங்கியவர்கள் யார்? சுற்றுவட்டாரக் குடியிருப்போர்! உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டில் குடவோலை போட்டு ஏரி வாரியம் அமைத்தார்களே, அந்த வேலையை இவர்கள் எந்தப் பதவியும் இல்லாமல் செய்கிறார்கள்.

ஊரைக் காத்து உயிர்விட்டவரின் கல்லை ஊரே காத்தது, தெரியுமா?

2018-ல் ஹெப்பாளில் சாக்கடை வேலைக்குத் தோண்டியபோது ஒரு நடுகல் வெளிப்பட்டது. படித்துப் பார்த்தால், சுமார் கி.பி. 750-ஐச் சேர்ந்தது! ராஷ்டிரகூடர் படையெடுப்பில் தன் நாட்டைக் காக்கப் போரிட்டு மாண்ட கிட்டய்யா என்பவருக்கு எடுத்த கல். பெங்களூரில் கிடைத்த மிகப் பழைய கன்னடக் கல்வெட்டு இதுதான் என்கிறார்கள். உதயகுமார் என்ற பொறியாளரும் அவரோடு சேர்ந்த ஆர்வலர்களும் ஓடிவந்தார்கள். பொதுமக்களே பணம் போட்டு, கல்லுக்கு மண்டபம் எழுப்பினார்கள்! இந்தக் குழு ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துவருகிறது. பெங்களூரைச் சுற்றித் தமிழ்க் கல்வெட்டுகள் ஏராளம். தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலுக்குப் போனால் நீங்களே எழுத்துக்கூட்டிப் பார்க்கலாம்!

தவளைச் சத்தம் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது, தெரியுமா?

அல்மித்ரா படேல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண். பெங்களூர்ப் புறநகரில் அவர் வீட்டருகே குப்பை கொட்டக் கொட்ட, இரவில் கேட்ட தவளைச் சத்தம் நின்றுபோனது. அவர் சும்மா இருக்கவில்லை! சென்னையின் எக்ஸ்னோரா என்ற தூய்மை இயக்கத்தைச் சேர்ந்த கேப்டன் வேலுவுடன் காரில் நகரம் நகரமாகச் சுற்றினார். எங்கும் ஊருக்கு வெளியே குப்பை மலை. 1996-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். விளைவு? 2000-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன!

பெங்களூர் அடுக்களைக்குள் நீதிமன்ற உத்தரவு நுழைந்தது, தெரியுமா?

2012-ல், பெங்களூர்க் குப்பை கொட்டப்பட்ட புறநகர்க் கிராமத்தார், “உங்கள் குப்பை எங்கள் ஊருக்கு வேண்டாம்” என்று மறித்தபோது பெங்களூர்த் தெருக்கள் நாறின. அப்போது வழி சொன்னவர்கள், வீட்டுக் குப்பையைத் தரம்பிரித்துப் பார்த்துப் பழகிய குடும்பத்தலைவிகளும் குடியிருப்புச் சங்கத்தாரும்! ஈரக் கழிவுக்குப் பச்சைத் தொட்டி. நாப்கின், டயப்பர் போன்றவற்றுக்குச் சிவப்புத் தொட்டி. காகிதம், பிளாஸ்டிக்குக்கு ஒரு பை. இந்த ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ முறையை 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் பெங்களூர் முழுமைக்கும் கட்டாயமாக்கியது!

முகம் காட்டாமல் தெருவை மாற்றுகிறார்கள், தெரியுமா?

2010 முதல் இயங்கும் ‘தி அக்லி இண்டியன்’ குழுவில் தலைவர் பெயர் கிடையாது. 2014-ல் டெட்எக்ஸ் மேடையில்கூட முகமூடியோடுதான் பேசினார்கள்! வேலை மட்டும், பேச்சு வேண்டாம் என்பதே கொள்கை.

எப்படிச் செய்கிறார்கள்? குப்பை குவியும் ஒரு மூலையைத் தேர்ந்தெடுப்பார்கள். யார், எப்போது, ஏன் கொட்டுகிறார் என்று முதலில் கவனிப்பார்கள். விடுமுறை நாள் காலையில் கையுறை, மண்வெட்டியோடு இறங்கிக் குப்பையை அள்ளி, உடைந்த கல்லை ஒட்டி, சுவருக்கு வண்ணம் அடிப்பார்கள். சுவரின் கீழ்ப்பகுதிக்குக் காவி வண்ணம், மண்ணும் கறையும் தெரியாதபடி! பிறகு செடித்தொட்டி, உட்கார ஒரு திண்டு. உட்கார இடம் கிடைத்த மூலையில் குப்பை போட மனசு வராது. யாரையும் திட்டுவது கிடையாது, அறிவிப்புப் பலகையும் கிடையாது!

கைகோத்து நின்று மேம்பாலத்தை நிறுத்தினார்கள், தெரியுமா?

2016-ல் அரசு ஹெப்பாளை நோக்கி 1,791 கோடி ரூபாயில் எஃகு மேம்பாலம் கட்டப் புறப்பட்டது. 812 மரங்கள் வெட்டுப்படும் நிலை. அக்டோபர் 16, ஞாயிறு காலை. தாத்தா பாட்டி முதல் பள்ளிப் பிள்ளைகள்வரை ஆயிரக்கணக்கானோர் சாலையோரம் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். ஒரே முழக்கம்: “ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா!” (எஃகு மேம்பாலம் வேண்டாம்!) 2017 மார்ச்சில் அரசு திட்டத்தையே கைவிட்டது!

அந்நியருக்குக் கொள்ளி வைத்தவர்களும் இருக்கிறார்கள், தெரியுமா?

கொரோனா நாட்களில், சொந்தபந்தமே கிட்ட வர அஞ்சிய சடலங்களைப் பாதுகாப்பு உடையணிந்து சுமந்தவர்கள் பெங்களூரின் தன்னார்வலர்கள். ‘மெர்சி மிஷன்’ என்ற பெயரில் பல அமைப்புகள் கைகோத்தன. உணவுப் பை, ஆக்சிஜன், ஆம்புலன்ஸ், கடைசியில் இறுதிச் சடங்கு. இறந்தவர் எந்த மதமோ அந்த மதத்து முறைப்படி! முஸ்லிம் இளைஞர்கள் இந்துக்களின் உடல்களைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

உலகத்தில் வேறெங்கும் இப்படிச் சம்பளமில்லாமல் ஊரைக் காப்பவர்கள் உண்டா? உண்டு! சிலி நாட்டில் தீயணைப்பு வீரர்கள் எல்லோருமே சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்தான். பெங்களூரிலும் சம்பளமில்லாப் போக்குவரத்து வார்டன்கள், அலுவலக வேலை போக மிச்ச நேரத்தில் சிக்னலில் நிற்கிறார்கள்.

 இவர்கள் கையில் அதிகாரம் இல்லை, பட்ஜெட் இல்லை. ஆனாலும் காரியம் நடந்தது. காரணம் ஒன்றுதான்: ஒருநாள் கூடிக் கலைந்துவிடாமல் அடுத்த வாரமும் வந்தார்கள்! உங்கள் தெருமுனைக்கும் உங்கள் ஊர்க் கண்மாய்க்கும் அதே தேவை இருக்கிறது. பக்கத்து வீட்டில் இருவரைக் கேளுங்கள். வரும் ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அடுத்த ஞாயிறும் போங்கள்!